உள்ளோட்டு வெற்றிடமும் எக்ஸ்கதிர்ப் புளோரொளிர்வு விளைவும்
வாகரைக் கரையோர மணலை முன்னிட்டு ஒரு விளக்கம்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபுறத்தே, கோறளைப்பற்று வடக்கு என வழங்கும் பிரிவில் வாகரை அமைந்துள்ளது. பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என வடக்கே வெருகல் முகத்தை நோக்கி நீளும் இக்கரையின் வெண்மணலிடையே கருநிறப் பட்டைகள் ஆங்காங்கே படிந்து கிடக்கக் காணலாம். உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆறுகளால் அடித்துவரப்பட்ட துணிக்கைகளை அலை பிரித்து வைத்த வைப்பே இது. குவாட்சின் அடர்த்தி நீரின் அடர்த்தியைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு, இல்மனைற்றின் அடர்த்தியோ 4.7 மடங்கு. மீளும் அலை பாரங்குறைந்ததை இழுத்துச் செல்ல, பாரமானது கரையிலே தங்கிவிடுகின்றது. இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன், மொனசைற்று ஆகியன இவ்வாறு ஒதுங்கும் பாரக் கனிப்பொருள்களாம்.

திருகோணமலைக்கு வடக்கேயுள்ள புல்மோட்டையில் இத்தகைய மணல் நெடுங்காலமாக அகழப்பட்டு வருவது யாவரும் அறிந்ததே. அண்மை ஆண்டுகளில் கதிரவெளிப் பகுதியிலும் இல்மனைற்று அகழ்வு பற்றிய முயற்சிகளும் அவற்றுக்கெதிரான மக்கட் குரலும் எழுந்தன. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையைக் கண்ட கரையாகலின், மணற்றிட்டி வெறும் மணற்றிட்டியாக அங்குள்ளோருக்குத் தோன்றுவதில்லை. இத்தகைய வழக்குகளில் இரு தரப்பாரும் கையிலெடுப்பது எண்களையே. இம்மணலிலே தைத்தேனியம் இத்தனை சதவீதம், சேர்கோனியம் இத்தனை, தோரியம் இத்தனை என அறிக்கைகள் கூறுகின்றன. இவ்வெண்களுட் பெரும்பாலன இன்று எக்ஸ்கதிர்ப் புளோரொளிர்வு என்னும் முறையாற் பெறப்படுபவை.

கருவி அணுக்களை எண்ணுவதில்லை. அது எண்ணுவது, அணுக்கள் வெளிவிடும் ஒளித்துணிக்கைகளாகிய போட்டன்களையே. ஓர் அணு போட்டனை வெளிவிடுமா, விடாதா என்பது ஒரு நிகழ்தகவு. அந்நிகழ்தகவு மூலகத்துக்கு மூலகம் பெரிதும் வேறுபடுவது. எண்ணப்பட்ட போட்டனிலிருந்து எண்ணப்படாத அணுவுக்குச் செல்லும் பாலமாக அமைவது இந்நிகழ்தகவே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மோசிலிக்கு முன்னும் பின்னும்

இலங்கையின் கனிப்பொருளாய்வுப் பணியைத் தலைமையேற்று நடத்திய ஆனந்த குமாரசுவாமி, 1904 ஆம் ஆண்டளவிற் சப்பிரகமுவ மாகாணத்திற் கிடைத்த பாரமான கரிய கனிப்பொருளொன்றை ஆராய்ந்தார். பின்னாளிற் கலை வரலாற்றறிஞராக உலகப் புகழ் பெற்றவர் இவரே. அக்கனிப்பொருள் முதலில் உரேனியக் கனிப்பொருளெனவே கருதப்பட்டது. இலண்டனிற் செய்யப்பட்ட இரசாயனப் பகுப்பின் பின்னரே, அதன் முக்காற் பங்களவு தோரியம் ஒட்சைட்டு என்பது தெளிவாயிற்று. தோரியனைற்று என்ற பெயரும் அதன்பின் வந்ததே. கரைத்தும் வீழ்படிவாக்கியும் நிறுத்தும் பார்த்தே மூலகத்தை அறியவேண்டிய காலம் அது.

பத்தாண்டு கழியுமுன் நிலை மாறிற்று. ஒவ்வொரு மூலகமும் தனக்கேயுரிய எக்ஸ்கதிர்களை வெளிவிடுகின்றது என்பதைப் பார்க்கிளா காட்டினார். அவற்றுக்குக் கே, எல் என்ற பெயர்களைச் சூட்டியவரும் அவரே. 1913, 1914 ஆம் ஆண்டுகளில் மோசிலி என்னும் இளம் ஆங்கிலேயர், இக்கதிர்களின் அதிர்வெண்ணின் வர்க்கமூலம் மூலகத்தின் அணுவெண்ணோடு ஒரு நேர்கோட்டில் ஏறிச் செல்வதைக் கண்டார். அணுவெண் என்பது அட்டவணையில் வரிசை குறிக்கும் எண்ணாக இருந்த நிலை மாறி, கருவின் ஏற்றத்தைக் குறிப்பதென நிலைபெற்றது. மோசிலி 1915 இற் கலிப்பொலிப் போரிலே தமது 27 ஆம் வயதில் உயிர்நீத்தார். 1923 இற் கொஸ்தரும் எவெசியும் கோப்பன்கேகனிலே சேர்கோனியக் கனிப்பொருள்களின் எக்ஸ்கதிர் நிறமாலையை ஆராய்ந்து, அணுவெண் 72 உடைய அவ்வரை அறியப்படாத மூலகத்தைக் கண்டுபிடித்து ஆவினியம் எனப் பெயரிட்டனர். நம் கரையோரச் சேர்க்கன் மணியிலும் அம்மூலகம் சிறிதளவு கலந்தே இருக்கும். இரசாயன முறையால் அதனைச் சேர்கோனியத்திலிருந்து பிரித்தறிதல் கடினம். எக்ஸ்கதிரோ இரண்டையும் உடனே வேறாகக் காட்டிவிடும்.

இன்ன மூலகம் உண்டா என்ற கேள்விக்கு மோசிலியின் விதி விடையளித்தது. எவ்வளவு உண்டு என்ற கேள்விக்கு அவ்விதி மாத்திரம் போதாது.

வெற்றிடமும் இரு வழிகளும்

அணுக்கருவைச் சூழ்ந்து இலத்திரன்கள் ஓடுகளாக அடுக்கப்பட்டுள்ளன. கருவுக்கு மிக அண்மையிலுள்ளது கே ஓடு. அதில் இரு இலத்திரன்கள். அடுத்தது எல் ஓடு, அதில் எட்டு. அதற்கும் அப்பால் எம் ஓடு. உள்ளே செல்லச் செல்ல இலத்திரன் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். தைத்தேனியத்தின் கே இலத்திரனைப் பெயர்ப்பதற்கு 4.97 கிலோ இலத்திரன்வோற்றுச் சக்தி வேண்டும், இரும்புக்கு 7.11, சேர்கோனியத்துக்கு 18.0, தோரியத்துக்கு 109.7 கிலோ இலத்திரன்வோற்று வேண்டும்.

வெளியிலிருந்து வரும் எக்ஸ்கதிர் இவ்விலத்திரனைப் பெயர்த்தெறிந்தால், உள்ளோட்டில் ஒரு வெற்றிடம் தோன்றும். அது நெடுநேரம் நில்லாது. ஒரு செக்கனை ஆயிரம் இலட்சம் கோடிக் கூறுகளாக்கின், இரும்பு அணுவின் கே வெற்றிடம் அவற்றுள் ஒரு கூறளவு காலமும் நிலைப்பதில்லை. வெளியோட்டு இலத்திரனொன்று உள்ளே இறங்கி அதனை நிரப்புகின்றது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிய இலத்திரன் மிச்சப்படுத்திய சக்தி எங்கே போகின்றது? அணுவின் முன் இரு வழிகள் உள.

முதல் வழி, அச்சக்தி முழுவதும் ஓர் எக்ஸ்கதிர்ப் போட்டனாக வெளியேறுதல். கருவி காண்பது இதனையே.

இரண்டாம் வழியிற் போட்டன் தோன்றுவதில்லை. மிஞ்சிய சக்தி வேறோர் இலத்திரனுக்கு நேரே கைமாறி, அவ்விலத்திரன் அணுவைவிட்டு வெளியேறுகின்றது. 1922, 1923 ஆம் ஆண்டுகளில் இலீசே மைத்னரும் பின்னர்ப் பியர் ஓஜேயும் தனித்தனியே இதனைக் கண்டனர். ஓஜேயின் பெயரே இந்நிகழ்வுக்கு நிலைத்துவிட்டது. தைத்தேனியத்தின் ஓஜே இலத்திரன் ஏறத்தாழ 4 கிலோ இலத்திரன்வோற்றுச் சக்தியோடு புறப்படும். ஆயினும் திண்மப் பொருளில் அது ஒரு மைக்ரோமீற்றரேனும் செல்லமாட்டாது. மணலின் உள்ளேயே அடங்கிப்போகும்.

ஓர் ஓட்டில் தோன்றும் வெற்றிடங்களுள் எத்தனை பங்கு போட்டனாக முடிகின்றதோ, அப்பங்கே அவ்வோட்டின் புளோரொளிர்வு விளைவு எனப்படும். அதன் பெறுமானம் 0 இற்கும் 1 இற்கும் இடைப்பட்டது. கே ஓட்டைப் பொறுத்தவரை, புளோரொளிர்வு விளைவும் ஓஜே விளைவும் கூடினால் 1 ஆகும்.

அணுவெண்ணின் நாலாம் அடுக்கு

இவ்விரு வழிகளுள் எது வெல்லும் என்பதை அணுவெண்ணே தீர்மானிக்கின்றது. போட்டனை வெளிவிடும் வீதம், அணுவெண்ணின் நாலாம் அடுக்குக்கு ஏறத்தாழ விகிதசமமாக உயரும். கருவேற்றம் மிகுந்தோறும் ஓடுகளுக்கிடையேயான சக்தி வேறுபாடு பெருகுவதும், சக்தி பெருகுந்தோறும் கதிர்வீசல் விரைவுறுவதும் இதற்குக் காரணம். ஓஜே நிகழ்வோ இரு இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் நிகழ்வது. அத்தள்ளுகை எவ்வணுவிலும் ஒரே தன்மைத்து. ஆதலின் அதன் வீதம் அணுவெண்ணோடு பெரிதும் மாறுவதில்லை. ஆகவே அணுவெண்ணின் நாலாம் அடுக்கை, அதனோடு ஒரு மாறிலியைக் கூட்டிவந்த தொகையால் வகுத்தால், கே புளோரொளிர்வு விளைவு கிடைக்கும்.

அம்மாறிலியை வாசகர் தாமே மதிப்பிடலாம். இரு வழிகளும் சமமாகுமிடம், பரிசோதனைகளின்படி, அணுவெண் 31 உடைய கலியத்துக்கு அண்மையில் உள்ளது. 31 இன் நாலாம் அடுக்கு 9,23,521. இதையே மாறிலியாகக் கொள்வோம். தைத்தேனியத்தின் அணுவெண் 22, நாலாம் அடுக்கு 2,34,256, விளைவு 0.20. இரும்பின் அணுவெண் 26, விளைவு 0.33. சேர்கோனியத்தின் அணுவெண் 40, விளைவு 0.73. 1979 இல் குரவுசே தொகுத்து வெளியிட்ட அட்டவணை முறையே 0.21, 0.34, 0.73 எனக் கூறுகின்றது. இத்துணை எளிய கணக்கு இவ்வளவு நெருங்கி வருவது வியப்புக்குரியதே.

இலேசான மூலகங்களுக்கு இக்கணக்கு அவ்வளவு பொருந்தாது. அட்டவணைப்படி சிலிக்கனின் விளைவு 0.05, ஒட்சிசனின் விளைவு 0.008 மாத்திரமே. ஆயிரம் ஒட்சிசன் வெற்றிடங்களில் எட்டே போட்டனைத் தருகின்றன. எஞ்சியவை ஓசையின்றி இலத்திரனாக அடங்குகின்றன.

எந்த இலத்திரன் இறங்கும்?

வெற்றிடத்தை எவ்விலத்திரனும் நிரப்பிவிட முடியாது. கதிர்வீசலுடன் கூடிய தாண்டலில், இலத்திரனின் கோண உந்தச் சொட்டெண் ஒன்றால் மாறவேண்டும் என்பது சத்திச்சொட்டுப் பொறிமுறையின் தேர்வு விதி. ஆகவே எல் ஓட்டின் மூன்று உபவோடுகளுள் முதலாவதிலிருந்து கே ஓட்டுக்குப் போட்டனோடு இறங்கும் வழி அடைபட்டுள்ளது. இரண்டாவதிலிருந்தும் மூன்றாவதிலிருந்தும் இறங்கலாம். இரண்டாவதில் இரு இலத்திரன்களும் மூன்றாவதில் நான்கும் இருத்தலின், அவை தரும் இரு கோடுகளின் செறிவுகள் ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டாக அமைகின்றன. இவையிரண்டும் சேர்ந்தவை கே அல்பாக் கோடுகள். எம் முதலிய வெளியோடுகளிலிருந்து இறங்குவன கே பீற்றாக் கோடுகள். இரும்பிலே கே போட்டன்கள் நூற்றில் ஏறத்தாழ 88 அல்பாவாகவும் 12 பீற்றாவாகவும் வெளிவரும். பகுப்பாளர் பெரும்பாலும் அல்பாவையே எண்ணுவதால், இப்பங்கும் கணக்கிற் சேரவேண்டும்.

தோரியத்துக்கு வரும்போது சிக்கல் மிகுகின்றது. பகுப்புக்குப் பயன்படும் சாதாரண எக்ஸ்கதிர்க் குழாய்கள் 40, 50 கிலோவோற்றில் இயங்குவன. 109.7 கிலோ இலத்திரன்வோற்று வேண்டும் தோரியக் கே ஓட்டை அவை தொடவும் மாட்டா. எல் ஓட்டையே நாடவேண்டும். அங்கே தோன்றும் வெற்றிடம் நிரப்பப்படுமுன் ஓர் உபவோட்டிலிருந்து மற்றோர் உபவோட்டுக்கு இடம்மாறலாம். முதலாம் உபவோட்டின் வெற்றிடத்தை மூன்றாம் உபவோட்டின் இலத்திரன் நிரப்ப, மிஞ்சிய சிறு சக்தியால் வெளியிலுள்ள இலத்திரனொன்று பெயர்ந்துபோகும். வெற்றிடம் மூன்றாம் உபவோட்டை அடையும். 1935 இல் விளக்கப்பட்ட இது கொஸ்தர்–குரோனிக் தாண்டல் எனப்படும். ஆவினியத்தைக் கண்ட கொஸ்தரே இவர்.

இதனால் மூன்றாம் உபவோட்டின் வெற்றிடங்களை எண்ணுவோர், மூன்று வரவுகளைக் கூட்டவேண்டும்: அங்கே நேரே தோன்றியவை ஒன்று, இரண்டாம் உபவோட்டிலிருந்து வந்தவை இரண்டு, முதலாவதிலிருந்து நேராகவோ இரண்டாவதன் வழியாகவோ வந்தவை மூன்று. இக்கூட்டுத்தொகையை மூன்றாம் உபவோட்டின் புளோரொளிர்வு விளைவாற் பெருக்கினாலே, 12.97 கிலோ இலத்திரன்வோற்றிற் காணப்படும் தோரியக் கோட்டின் செறிவுக்கு அண்மையில் வரலாம். தோரியத்துக்கு அவ்விளைவு பாதிக்குச் சற்றுக் குறைவு.

இப்பெறுமானங்கள் யாவற்றையும் 1972 இற் பம்பினெக்கும் அவரோடு வேணுகோபால ராவ் உள்ளிட்ட எழுவரும் நவீன பௌதிக மதிப்புரைகள் என்னும் ஆய்விதழிலே தொகுத்துச் சீர்தூக்கினர். பின்வந்த அட்டவணைகள் பலவும் அத்தொகுப்பின்மேல் எழுந்தவையே. தைத்தேனியம், இரும்பு போன்றவற்றின் கே விளைவுகள் ஒருசில சதவீதப் பிழைக்குள் அறியப்பட்டவை. ஒட்சிசன் போன்ற இலேசான மூலகங்களிலும், பாரமூலகங்களின் முதலாம் எல் உபவோட்டிலும் ஐயப்பாடு பத்துச் சதவீதத்தையும் தாண்டக்கூடும்.

போட்டனிலிருந்து சதவீதத்துக்கு

தூய இல்மனைற்றிலே தைத்தேனிய அணு ஒன்றுக்கு இரும்பணு ஒன்றும் ஒட்சிசன் அணு மூன்றும் உள. தைத்தேனியத்திலும் இரும்பிலும் ஆயிரம் ஆயிரமாகக் கே வெற்றிடங்கள் தோன்றியதாகக் கொள்வோம். தைத்தேனியம் ஏறத்தாழ 210 போட்டன்களைத் தரும். இரும்பு 340 தரும். இவ்வெண்களை அப்படியே அணுக்களின் எண்ணிக்கையாகக் கொள்பவர், சமமாயுள்ள இரண்டில் இரும்பே 1.6 மடங்கு மிகுதியெனக் கூறிவிடுவார். புளோரொளிர்வு விளைவால் வகுத்த பின்னரே சமநிலை தோன்றும்.

திருத்தம் இத்துடன் முடிவதில்லை. இரும்பின் கே அல்பாப் போட்டனின் சக்தி 6.40 கிலோ இலத்திரன்வோற்று. தைத்தேனியத்தின் கே ஓட்டைத் திறக்க 4.97 போதும். ஆகவே இரும்பு வெளிவிட்ட கதிர்களுள் ஒருபகுதி, மணலைவிட்டு வெளியேறுமுன் தைத்தேனியத்தால் உறிஞ்சப்பட்டு, அங்கே புதிய வெற்றிடங்களை உண்டாக்குகின்றது. இரும்பின் கோடு தாழ, தைத்தேனியத்தின் கோடு உயர்கின்றது. இதனையும் உட்கொண்ட சமன்பாட்டைச் சேர்மன் 1955 இல் அமைத்தார்; கணனியின் துணையோடு அதனைத் தீர்க்கும் முறையைக் கிறிசும் பேக்சும் 1968 இல் வெளியிட்டனர். அடிப்படைப் பரமான முறை எனப்படும் அது, புளோரொளிர்வு விளைவு அட்டவணையை அடிப்படையாகக் கொண்டே இயங்குகின்றது. சேர்க்கை முன்னமே அறியப்பட்ட ஒத்த மாதிரியொன்றை அருகே வைத்து அளப்பின், இவ்விளைவு இரு பக்கத்தும் பொதுவாகி நீங்கிவிடும். நல்ல ஆய்வுகூடங்கள் அத்தகைய நியம மாதிரிகளை விடாது கையாள்வது இதனாலேயே.

இனி, கரையோர மணலுக்கே சிறப்பாக உரிய இடருக்கு வருவோம். மணலின் பெரும்பகுதி பொதுவாகக் குவாட்சு. அது சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது. சிலிக்கனின் விளைவு 0.05. அது தரும் 1.74 கிலோ இலத்திரன்வோற்றுப் போட்டன்களிலும் பாதிக்கு மேற்பட்டவை ஒரு சென்ரிமீற்றர்க் காற்றைக் கடக்குமுன் அழியும். மணியின் மேற்புறத்திற் சில மைக்ரோமீற்றர் ஆழத்திலிருந்தே அவை வெளிவர முடியும், சேர்கோனியத்தின் 15.8 கிலோ இலத்திரன்வோற்றுக் கதிரோ குவாட்சில் அரை மில்லிமீற்றர் அளவு ஊடுருவும். ஒட்சிசனின் கதிரைக் கையடக்கக் கருவிகள் காண்பதேயில்லை. எனவே நிறமாலையில் உயர்ந்து நிற்பன இரும்பும் தைத்தேனியமும். மணலின் பெரும்பகுதி தாழ்ந்தோ மறைந்தோ கிடக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதன் விளைவைக் காட்டும். நூறு கிராம் மணலில் பத்துக் கிராம் இல்மனைற்றும் தொண்ணூறு கிராம் குவாட்சும் உள்ளனவாகக் கொள்வோம். இல்மனைற்றில் நிறைப்படி தைத்தேனியம் 31.6 சதவீதம், இரும்பு 36.8 சதவீதம். ஆகவே மணலில் உண்மையாகவுள்ள தைத்தேனியம் 3.2 கிராம் மாத்திரமே. கருவி சிலிக்கனையும் ஒட்சிசனையும் காணாது, தான் கண்டவற்றை மாத்திரம் நூறாக்கிக் காட்டுமாயின், தைத்தேனியம் 46 சதவீதம், இரும்பு 54 சதவீதம் என்ற எண்கள் தோன்றும். கருவி பொய் சொல்லவில்லை. தான் கண்டவற்றுள் தைத்தேனியத்தின் பங்கு அதுவே. ஆயின் அவ்வெண்ணை மணலின் சேர்க்கையாகப் படிப்பவர், உள்ளதைப் பதினான்கு மடங்குக்கு மேலாகப் பெருக்கிவிடுவார். ஒரு கரையின் விலையை இவ்வாறு உயர்த்தியும் காட்டலாம். ஒரு கரையின் தோரியத்தைக் கூறி மக்களை வீணே அச்சுறுத்தவும் செய்யலாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

கேட்கவேண்டிய கேள்விகள்

மணற்பகுப்பு அறிக்கையொன்று ஊரவர் கைக்கு வரும்போது, அணுப்பௌதிகம் கல்லாதவரும் கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. மாதிரி, கரையில் அள்ளியபடியே உள்ள மணலா, அன்றிப் பாரக் கனிப்பொருளைப் பிரித்தெடுத்த செறிவா? அது மாவாக அரைக்கப்பட்டதா, இலிதியம் போரேற்றுடன் உருக்கிக் கண்ணாடி வில்லையாக்கப்பட்டதா, அல்லது மணி மணியாகவே கருவியின் முன் வைக்கப்பட்டதா? அளவீடு காற்றில் நிகழ்ந்ததா, வெற்றிடத்திலோ ஈலியத்திலோ நிகழ்ந்ததா? கூறப்பட்ட சதவீதம் மூலகத்துக்கா, ஒட்சைட்டுக்கா? எண்கள் நூறாக்கப்பட்டனவா? நியம மாதிரி எது? பிழையெல்லை எவ்வளவு? இவற்றுக்கு விடையில்லாத அறிக்கை, எத்தனை தசமத் தானங்களைக் கொண்டிருப்பினும் முழுமையுற்றதாகாது.

தோரியம் பற்றிய எண்ணுக்கு மேலுமொரு கேள்வி உண்டு. எக்ஸ்கதிர்ப் புளோரொளிர்வு தோரிய மூலகத்தின் அளவையே கூறும். அக்கரையில் வாழ்வோர் பெறும் கதிரியக்க அளவைக் கூறாது. அதற்குக் காமாக்கதிர் அளவீடு வேறாகச் செய்யப்படல் வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தல் தகாது.

அகழ்வு வேண்டுமா, வேண்டாமா என்பதைப் புளோரொளிர்வு விளைவு தீர்த்துவைக்கப் போவதில்லை. மீன்பிடியும் பயிரும் நன்னீரும் மணற்றிட்டியும் சேர்ந்த வழக்கு அது. அதனைத் தீர்க்கவேண்டியவர்கள் அக்கரையில் வாழ்வோரும் அவர்க்குப் பொறுப்புடையோரும். ஆயினும் வழக்கில் வைக்கப்படும் எண் எவ்வாறு பிறந்தது என்பதை அறியாதார், எண்ணைக் கூறுவோனை நம்புவது அல்லது நம்ப மறுப்பது என்ற இரண்டுக்குள் அடைபட்டு நிற்பர். பிறந்த வழியை அறிந்தோர் அதனைச் சோதிக்கலாம். வாகரையிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் உள்ளது. தன் அயற்கரையின் மணலைத் தானே அளந்து, அளந்த முறையையும் பிழையெல்லையையும் தமிழிலே ஊரவர்முன் வைத்தல், அத்தகைய கல்விக்கழகத்துக்குப் பொருந்திய பணியாகும். ஆயிரம் வெற்றிடங்களில் எத்தனை ஒளிர்ந்தன, எத்தனை ஒளிராது அடங்கின என்பதை உரைக்கும் எண்ணும் அங்கே இடம்பெறல் வேண்டும்.